வேகம் வராத கார், தடுமாறும் அணி: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழிமுறை

ஃபார்முலா 1-இல் ஓர் அணி பின்வரிசையில் சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து வரும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான். அணித் தலைவரான டீம் பிரின்சிபலை மாற்று. இல்லாவிட்டால் பெரிய அப்கிரேட் ஒன்றைக் கொண்டு வா. இரண்டுமே சில சமயம் சரியான வைத்தியம்தான். ஆனால் பழுது எங்கே என்று பார்க்காமல் இறங்கினால் பணமும் போகும், ஒரு சீசனும் போகும்.

கார் மெதுவாக இருப்பது கடைசியில் வெளியே தெரியும் விஷயம். அதற்கு வெகு முன்பே, தொழிற்சாலைக்குள் ஏதோ ஓரிடத்தில், "இப்படி நடக்கும்" என்று கணித்ததும் உண்மையில் நடந்ததும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தலைமையின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாகத்தை மாற்றுவதும் ஆளை மாற்றுவதும் அதற்குப் பிறகுதான்.

இன்றைய விதிகளில் குருட்டாம்போக்கில் முயற்சி செய்ய இடமும் இல்லை. 2021-இல் 14.5 கோடி டாலர் என்று செலவு உச்சவரம்பு வந்தது. தவறாகப் போன ஒவ்வொரு ஃப்ளோரும் (காரின் அடித்தளப் பகுதி) அடுத்த ஃப்ளோருக்கான பணத்தைத் தின்றுவிடும். காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் விண்ட் டனலில் எத்தனை முறை காரின் மாதிரியை ஓட்டலாம் என்பதற்கும் அளவு உண்டு. சீசன் நடக்கும்போது தனியாகப் போய் டெஸ்ட் செய்துகொள்ளும் வசதி 2009-லேயே போய்விட்டது. எனவே கண்டறிவதில் செலவிடும் இரண்டு வாரம் வீண் அல்ல.

தொடங்கும் முன் மூன்று பட்டியல்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சீசன் தொடக்கத்திலிருந்து காரில் ஏறிய ஒவ்வொரு புதுப் பாகத்துக்கும், டனல் சொன்ன லாபம் எவ்வளவு, டிராக்கில் அளந்தது எவ்வளவு என்பது முதலாவது. ஒரு பாகம் வரைபடத்திலிருந்து காருக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பது இரண்டாவது. ஒவ்வொரு முடிவையும் யார் எடுத்தார், எந்தத் தரவைப் பார்த்து எடுத்தார் என்பது மூன்றாவது. இவற்றில் ஏதேனும் ஒன்று கிடைக்கவில்லை என்றால், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

அறிகுறி: டனலில் லாபம் காட்டிய பாகம் டிராக்கில் ஒன்றும் தரவில்லை

அணிக்குள் இதை 'கோரிலேஷன்' பிரச்சினை என்பார்கள். மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அளவுகோலே தவறாக இருந்தால் மற்ற எந்தக் கேள்விக்கும் நம்பகமான பதில் வராது.

டனலில் ஓடுவது அதிகபட்சம் 60 சதவீத அளவுள்ள மாதிரி. காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நிஜ டிராக்கில் கார் மேடுபள்ளத்தில் குதிக்கிறது, வளைவில் சாய்கிறது, டயர் நசுங்கி உருமாறுகிறது, காற்று பக்கவாட்டில் அடிக்கிறது, முன்னால் போகும் காரின் கலங்கிய காற்று வந்து மோதுகிறது. இந்த இடைவெளி எல்லா அணிக்கும் உண்டு. நல்ல அணிக்குத் தன் இடைவெளி எவ்வளவு என்று தெரியும். தடுமாறும் அணிக்குத் தெரியாது.

சோதனையை வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் 'ரேக்' எனப்படும் உலோகச் சட்டத்தை மாட்டுகிறார்கள். அதில் வரிசை வரிசையாகக் காற்றழுத்தம் அளக்கும் குழல்கள் இருக்கும். டிரைவர் அளவெடுக்கும் நேரான பகுதிகளில் ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். லேப் நேரத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. அடுத்தது ஃப்ளோ-விஸ். ஒளிரும் பொடியை எண்ணெயில் குழைத்த பச்சை பெயிண்ட் அது. கார் கராஜை விட்டுக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் மெக்கானிக்குகள் அதை விங் மீதோ ஃப்ளோரின் ஓரத்திலோ பூசுவார்கள். கார் ஒரு சுற்று போய்த் திரும்பியதும் காற்று போன பாதை பெயிண்டில் பதிந்திருக்கும். காற்று பரப்போடு ஒட்டிப் போன இடத்தில் சீப்பால் வாரியதுபோல் மெல்லிய கோடுகள் இருக்கும். காற்று பிரிந்துபோன இடத்தில் கோடு இருக்காது. பெயிண்ட் திட்டாகத் தேங்கி நிற்கும். டனலிலும், சிஎஃப்டி எனப்படும் கணினிக் கணக்கிலும் வந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இரண்டும் வேறுபடுகின்றனவோ அங்கேதான் கணிப்பு உடைந்திருக்கிறது.

பிறகு அதே டிரைவர், அதே வகை டயர், அதே எரிபொருள் எடை என்று வைத்துப் பழைய பாகத்தையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசையான டவுன்ஃபோர்ஸே வரவில்லை என்றால் கோளாறு டனலிலோ சிஎஃப்டியிலோ, அல்லது பாகத்தைச் செய்த விதத்திலோ இருக்கிறது. 2012-இல் ஃபெராரி இந்த நிலையில்தான் மாட்டியது. தன் டனல் எண்களை நம்ப முடியாமல் சீசன் முடிவில் அதைச் சீரமைக்க மூடிவிட்டு, கொலோனில் உள்ள டொயோட்டாவின் டனலுக்குப் போனது. அந்த ஆண்டு அதன் டிரைவர் அலோன்சோ பட்டத்தை இழந்தது 3 புள்ளிகளில். அளவுகோல் பிழைக்கு என்ன விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டவுன்ஃபோர்ஸ் வருகிறது, லேப் நேரம் மட்டும் வரவில்லை என்றால், அது டிரைவரால் பயன்படுத்த முடியாத இடத்தில் வருகிறது. வளைவின் நுழைவில் அதிகம் இருந்து நடுவில் திடீரெனக் குறைந்தால் எந்த டிரைவரும் நம்பி உள்ளே போக மாட்டார்.

மூன்றாவது வகையில், கார் தரையோடு ஒட்டியிருந்தால்தான் லாபம் வரும். ஆனால் அவ்வளவு தாழ்த்தி ஓட்டவே முடியாது. 2022-இல் மெர்சிடீஸின் டபிள்யூ13 இப்படித்தான் நேர்ப்பாதையில் துள்ளியது. உயர்த்தினால் துள்ளல் குறையும், வேகமும் போய்விடும். அந்த ஆண்டு பல அணிகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததால், 2023-க்கு ஃப்ளோரின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தி விதியே மாறியது.

இந்த அறிகுறி தெரியும்போது செய்யவே கூடாத ஒன்று உண்டு: ஏற்கெனவே புரியாத பாகத்தின் மேல் இன்னொரு புதுப் பாகத்தை ஏற்றுவது. அதற்குப் பிறகு எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. 2019-இல் ஹாஸ் செய்த பின்வாங்கல் பார்ப்பதற்கு அவமானமாகத் தெரிந்தாலும் முறைப்படி சரியானது. ஜூலையில் ரொமேன் க்ரோஷானின் காரை சீசனின் முதல் பந்தயமான மெல்போர்னில் தொடங்கிய பழைய வடிவத்துக்கே திருப்பினார்கள். கெவின் மேக்னுசன் புதிய பாகங்களோடு ஓடினார். பழைய கார் புதியதற்கு ஈடுகொடுத்ததும், நடுவில் செய்த வளர்ச்சி தவறான திசையில் போயிருந்தது உறுதியானது. இதைச் சில மாதம் முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். 2018-இல் ஐந்தாம் இடத்தில் இருந்த அணி 2019-இல் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

நேரத் தேர்வும் முக்கியம். 2023-இல் ஆஸ்டன் மார்ட்டின் தன் பெரிய அப்கிரேடை ஆஸ்டினுக்குக் கொண்டு வந்தது. அது ஸ்பிரிண்ட் வாரம், அதாவது கூடுதலாக ஒரு குறும்பந்தயமும் நடக்கும் வாரம். பயிற்சி ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதியும் பிரேக் கோளாறில் போனது. கடைசியில் அமைப்பை மாற்றுவதற்காக இரண்டு கார்களும் பிட் லேனிலிருந்து, அதாவது எல்லோருக்கும் பின்னாலிருந்து, பந்தயத்தைத் தொடங்கின. ஸ்பிரிண்ட் வாரத்தில் பெரிய பாகத்தை அறிமுகப்படுத்தாதீர்கள். அளக்க நேரம் கிடைக்காது.

அறிகுறி: சனிக்கிழமை முன்வரிசைக்குப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசை

சனிக்கிழமை குவாலிஃபையிங்கில் (தொடக்க வரிசையை முடிவுசெய்யும் ஓட்டம்) ஒரு லேப்பில் பறக்கும் கார் பந்தயத்தில் பின்னுக்குப் போனால் டயரைப் பாருங்கள். அதைவிட முக்கியம், வளர்ச்சிக் குழுவுக்கு நீங்கள் கொடுத்த இலக்கைப் பாருங்கள். உச்ச டவுன்ஃபோர்ஸ் எண்ணை மட்டும் இலக்காக வைத்தால் பொறியாளர்கள் அந்த எண்ணைத்தான் கொண்டு வருவார்கள். நீள ஓட்டத்தில் டயர் சூடேறி, கார் வழுக்கி, வழுக்குவதால் இன்னும் சூடேறி வரும் சுழல் அந்த எண்ணில் தெரியாது.

ஹாஸ் 2023-இல் இந்த நோயோடுதான் 12 புள்ளிகளில் கடைசி இடத்தில் முடிந்தது. 2024 ஜனவரியில் குந்தர் ஸ்டெய்னர் போய் அயாவோ கோமாட்சு டீம் பிரின்சிபல் ஆனார். அவர் வெளியிலிருந்து வந்தவர் அல்ல. பல ஆண்டுகளாக அணியின் டிராக் பொறியியலைக் கவனித்தவர். சீசனுக்கு முந்தைய டெஸ்டில் நேரப் பட்டியலில் மேலே வரும் ஆசையை விட்டுவிட்டு, நீள ஓட்டங்களையே ஓட்டச் சொன்னார். பெயர் வாங்கும் லேப் ஒன்றுகூட இல்லை. ஆனால் டயர் ஏன் தேய்கிறது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய டெஸ்ட் அது. அந்த ஆண்டு 58 புள்ளிகள், ஏழாம் இடம்.

அறிகுறி: ஒரு டிரைவர் ஓட்டுகிறார், இன்னொருவர் தவிக்கிறார்

இரண்டாவது டிரைவரை மாற்றலாமா என்று பேச்சு எழும். அதற்கு முன், இருவர் சொல்வதையும் ஒரே வளைவில், ஒரே கட்டத்தில் ஒப்பிடுங்கள்: பிரேக் பிடிக்கும்போது, திருப்பும்போது, நடுவில், வெளியேறும்போது. "கார் சரியில்லை" என்ற வாக்கியத்தால் எந்தப் பொறியாளருக்கும் பயன் இல்லை. "ஆறாம் வளைவில் பிரேக்கை விடும் கணத்தில் பின்பக்கம் நழுவுகிறது" என்றால் அங்கே வேலை தொடங்கும்.

திறமை மிகுந்த டிரைவர் காரின் குறையைத் தன் கையால் மூடிவிடுவார். குறை முதலில் வெளிப்படுவது இரண்டாவது காரில்தான். 2024-இல் ரெட் புல்லைப் பாருங்கள். முதல் 10 பந்தயங்களில் அதன் முதன்மை டிரைவர் வெர்ஸ்டாப்பன் 7 வென்றார். அடுத்த 10 பந்தயங்களில் அணிக்கு ஒரு வெற்றிகூட இல்லை. காரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக வேலை செய்யவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னது கோடையில். அதற்கு முன்பே இரண்டாவது டிரைவர் பெரெஸின் முடிவுகள் சரியத் தொடங்கிவிட்டன. மெதுவான டிரைவரின் புகாரைக் குறைத்து எடைபோடும் அணி, தன் முதல் எச்சரிக்கையைத் தானே அணைத்துவிடுகிறது.

அறிகுறி: பாகம் எப்போதும் தாமதம், உதிரி கிடையாது

நல்ல யோசனை இருக்கிறது, டனலும் சரியாகச் சொல்கிறது, ஆனால் பாகம் வர வேண்டிய பந்தயத்துக்கு மூன்று பந்தயம் தள்ளி வருகிறது. இந்த நோயைப் பற்றிச் செய்திகள் அதிகம் வருவதில்லை. பார்க்க அலுப்பான விஷயம் என்பதால் இருக்கலாம். எனக்கு இதுதான் மிகவும் அக்கறையுள்ள பகுதி, ஏனென்றால் இதைத் தலைமையைத் தவிர வேறு யாராலும் சரிசெய்ய முடியாது.

வில்லியம்ஸின் வரலாறு இங்கே பாடம். 2019-இல் எஃப்டபிள்யூ42 கார் பார்சிலோனா டெஸ்டுக்கு நேரத்துக்கு வரவில்லை. இரண்டரை நாள் ஓட்டம் போய்விட்டது. சீசன் தொடங்கும் முன்பே டெக்னிக்கல் தலைவர் பேடி லோ விடுப்பில் போனார். ஆண்டு முழுவதும் கிடைத்தது ஒரே புள்ளி. 2023 பிப்ரவரியில் மெர்சிடீஸிலிருந்து ஜேம்ஸ் வவுல்ஸ் தலைமைக்கு வந்தபோது, காரின் ஏறத்தாழ 20,000 பாகங்களும் ஒரு எக்செல் தாளில்தான் நிர்வகிக்கப்பட்டுவந்தன. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எவ்வளவு செலவு, எப்போது தயாராகும் என்பதை அந்தத் தாளைக் கொண்டு நம்பகமாகச் சொல்ல முடியவில்லை.

அதைக் கழற்றிவிட்டு முறையான உற்பத்தி மேலாண்மை மென்பொருளுக்கு மாறிய குளிர்காலம் கடுமையானது. வேலை பின்தங்கியது, உதிரி சேஸிஸ் (காரின் அடிப்படை உடல்) தயாராகவில்லை. 2024 மெல்போர்னில் வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியிலேயே அணியின் டிரைவர் ஆல்பன் மோதினார். சேஸிஸ் அங்கே சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதமானது. மூன்றாவது சேஸிஸ் இல்லை. இன்னொரு டிரைவரான சார்ஜன்ட்டின் காரை எடுத்து ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். தவறே செய்யாத சார்ஜன்ட் பந்தயத்தில் ஓடாமல் உட்கார வேண்டியதாயிற்று. ஆல்பன் 11-ஆம் இடம், ஒரு இடத்தில் புள்ளி போனது. 2024-இல் அணி ஒன்பதாம் இடம். 2025-இல் ஐந்தாம் இடம்.

செய்ய வேண்டியது இது. ஒரே ஒரு முன் விங்கை எடுத்துக்கொண்டு அது போகும் வழியெங்கும் நீங்களே நடந்து பாருங்கள்: வடிவமைப்பு மேசை, அச்சு செய்யும் இடம், கார்பன் இழை அடுக்கும் அறை, ஆட்டோகிளேவ் எனும் அழுத்த அடுப்பு, சோதனை, பெயிண்ட், லாரி. ஒவ்வோர் இடத்திலும் அது வேலை நடக்காமல் காத்திருந்த மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இயந்திரம் மெதுவாக இருப்பதில்லை; கையெழுத்துக்கும் கடைசி நேர வடிவ மாற்றத்துக்கும் காத்திருப்பதுதான் நாளை விழுங்குகிறது. வடிவத்தை உறையவைக்கும் தேதியைத் தலைமை அறிவித்துவிட்டுத் தானே அதை மீறாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அறிகுறி: குற்றம் எப்போதும் வெளியாள் மேல்

"எஞ்சின்தான் காரணம், எங்கள் சேஸிஸ் அருமை." இதை ஓர் அணி இரண்டு சீசனுக்கு மேல் சொன்னால் நான் சந்தேகப்படத் தொடங்குவேன். சோதிக்க வழி இருக்கிறது. எல்லா அணிகளுக்கும் எல்லாக் கார்களின் ஜிபிஎஸ் தரவும் கிடைக்கிறது. நேர்ப்பாதையில் எவ்வளவு இழக்கிறீர்கள், வேக வளைவில் எவ்வளவு, மெதுவான வளைவில் எவ்வளவு என்று பிரித்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை: நேர்ப்பாதை இழப்பு எல்லாம் எஞ்சினால் வந்ததல்ல. காற்றுத் தடை அதிகமுள்ள சேஸிஸும் அதே கோட்டைத்தான் வரையும்.

மெக்லாரன் 2015 முதல் 2017 வரை ஹோண்டா எஞ்சினோடு ஓடியது. எஞ்சினில் குறை இருந்தது உண்மை. 2018-இல் ரெனோ எஞ்சினுக்கு மாறியதும், அதே எஞ்சினை வைத்திருந்த ரெட் புல்லோடு நேருக்கு நேர் ஒப்பிட வழி வந்தது. ரெட் புல் அந்த ஆண்டு 4 பந்தயங்கள் வென்றது. மெக்லாரனின் சிறந்த முடிவு முதல் பந்தயத்தில் கிடைத்த ஐந்தாம் இடம். ஜூலையில் மெக்லாரனின் ரேசிங் டைரக்டர் எரிக் பூலியே பதவி விலகினார். ஹோண்டாவோ 2021-இல் வெர்ஸ்டாப்பனோடு பட்டம் வென்றது. எஞ்சின் பேச்சின் பின்னால் சேஸிஸின் குறை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தது என்பதுதான் இதில் பெரிய இழப்பு.

சட்டென்று பார்க்க வேண்டிய இரண்டு

எடை: கார் குறைந்தபட்ச எடையைத் தாண்டி இருக்கிறதா என்று தராசில் ஏற்றிப் பாருங்கள். 10 கிலோ கூடுதல் என்றால் லேப்புக்கு ஏறத்தாழ 0.3 வினாடி. 2022-இல் பல அணிகள் பெயிண்டையே சுரண்டி எடுத்தது இதற்காகத்தான்.

பிட் ஸ்டாப்: சக்கர நட்டில் தொடர்ந்து சிக்கல் வந்தால் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள், நட்டின் மரையைப் பாருங்கள். 2024-இன் முதல் பந்தயங்களில் சாபர் அணி இழந்த நேரத்துக்கு உபகரணத்தின் வடிவமைப்புதான் காரணம்.

அறிகுறி: கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கார் மட்டும் ஓடவில்லை

ஒரு பிரச்சினையைக் கீழே யாரோ ஒருவர் முதலில் கவனித்த நாளுக்கும், அது உங்கள் மேசைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? கடந்த மூன்று பெரிய கோளாறுகளுக்கு இதை எழுதிப் பாருங்கள். வாரக்கணக்கில் வந்தால், உங்கள் அணியில் கெட்ட செய்தி மேலே வரப் பயப்படுகிறது என்று பொருள்.

மெர்சிடீஸ் அளவுக்குத் திறமையும் வசதியும் உள்ள அணிக்கே இது நடந்தது. 2022-இன் குறுகிய பக்கவாட்டு வடிவத்தை 2023-க்கும் தொடர்ந்தார்கள். காரின் குறைகளைப் பற்றித் தான் சொன்னதை அணி கேட்கவில்லை என்று அதன் டிரைவர் ஹாமில்டன் சீசன் தொடக்கத்தில் வெளிப்படையாகவே பேசினார். பஹ்ரைன் குவாலிஃபையிங் முடிந்ததுமே, இந்த வடிவத்தை வைத்துப் போட்டியிட முடியாது என்று அணித் தலைவர் டோட்டோ வுல்ஃப் ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் ஜேம்ஸ் அலிசன் டெக்னிக்கல் டைரக்டர் பதவிக்குத் திரும்பினார். மொனாக்கோவில் புதிய பக்கவாட்டு வடிவம் வந்தது. அந்த ஒப்புதல் பெரிய விஷயம்தான். ஆனால் அது வந்தது ஒரு முழு காரைக் கட்டி முடித்த பிறகு.

தலைவர் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரக் கூட்டத்தில் முதலில் கடைநிலைப் பொறியாளரைப் பேசவிடுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். நீங்கள் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதற்கு எதிரான தரவு அந்த அறையில் வெளியே வராது. தன் கணக்கு தவறு என்று வந்து சொன்னவருக்கு அந்த வாரத்தில் எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆண்டுக்கொரு தலைவர்

இது அறிகுறியாகவும் இருக்கும், நோய்க்குக் காரணமாகவும் இருக்கும். ஃபார்முலா 1-இல் முடிவுகள் பலன் தரும் காலம் மிக நீளம். அடுத்த ஆண்டுக் காரின் வேலை இந்த ஆண்டே தொடங்கிவிடுகிறது. வேறு அணியிலிருந்து ஒரு முக்கியப் பொறியாளரை எடுத்தால், பழைய ஒப்பந்தப்படி அவர் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத்தான் வர முடியும். மெக்லாரன் ஆண்ட்ரியாஸ் சைடில் தலைவராக இருந்த காலத்தில் சொந்த டனல் கட்ட முடிவெடுத்தது. அது ஓடத் தொடங்கியது 2023 ஆகஸ்டில். அதற்குள் சைடில் அணியை விட்டே போய்விட்டார். ஜான் டோட் 1993-இல் ஃபெராரிக்குத் தலைவராக வந்தார். அணிக்கான பட்டம் 1999-இல், டிரைவர் பட்டம் 2000-இல் வந்தது. நடுவில் அவரை நீக்கச் சொன்ன குரல்கள் குறைவல்ல.

எதிர்ப்பக்கம் ஆல்பீன். 2022-இல் நான்காம் இடம். 2023 ஜூலையில், ஸ்பா பந்தய வாரத்தில் தலைவர் ஓட்மர் சாஃப்னவர் விலகல் அறிவிப்பு. பிறகு புருனோ ஃபமின், 2024-இல் ஆலிவர் ஓக்ஸ், 2025 மே மாதம் அவரும் விலக ஃப்ளாவியோ பிரியாட்டோரே பொறுப்பேற்றார். 2025 முடிவில் அணி கடைசி இடம். ஒவ்வொரு புதுத் தலைவரும் முந்தையவரின் பாதி முடிந்த வேலையை நிறுத்திவிட்டுத் தன் திட்டத்தைத் தொடங்குவார். எந்தத் திட்டமும் டிராக்குக்கு வந்து அளக்கப்படுவதில்லை.

அப்படியென்றால் ஆளை மாற்றவே கூடாதா? மாற்றலாம். மேலே சொன்ன மூன்று பட்டியல்களையும் கேட்டு, பழுது இருக்கும் இடமும் தெரிந்து, அதைச் சரிசெய்ய இப்போதைய தலைவர் மறுத்தால் மாற்றியே ஆக வேண்டும். மெக்லாரன் இதைச் சரியாகச் செய்தது. 2022 டிசம்பரில் ஆண்ட்ரியா ஸ்டெல்லா தலைமைக்கு வந்தார். 2015 முதலே அந்த அணியில் இருந்தவர். 2023 காரை அறிமுகப்படுத்தும்போதே, சில வளர்ச்சி இலக்குகளை எட்டவில்லை என்று அணி மறைக்காமல் சொன்னது. பஹ்ரைனில் ஒரு கார் நின்றது, மற்றொன்று ஆறு பிட் ஸ்டாப்களோடு கடைசியாக முடித்தது. மார்ச்சிலேயே ஜேம்ஸ் கீ விலக, ஒரே டெக்னிக்கல் டைரக்டர் என்ற பதவியை ஸ்டெல்லா மூன்றாகப் பிரித்தார்: ஏரோடைனமிக்ஸ் (காற்றியக்கவியல்), கார் கருத்து (காரின் ஒட்டுமொத்த அடிப்படைத் திட்டம்), பொறியியல்-வடிவமைப்பு. கார் கருத்துக்கு வந்த டேவிட் சாஞ்செஸ் 2024-இல் மூன்றே மாதத்தில் விலகியபோதும், முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள நாள் கடத்தவில்லை. ரெட் புல்லிலிருந்து வந்த ராப் மார்ஷலின் பொறுப்பை விரித்து அமைப்பை உடனே மாற்றினார்கள். அந்த ஆண்டே அணிப் பட்டம் கிடைத்தது, 1998-க்குப் பிறகு முதல் முறை.

கேள்வி: இந்த ஆண்டைக் கைவிடலாமா?

விதி மாற்றம் வருகிறது என்றால் யோசிக்கலாம். 2008-இல் ராஸ் ப்ரான் தலைமையில் ஹோண்டா அணி அந்த ஆண்டுக் காரை விட்டுவிட்டு 2009-க்கான வேலையில் இறங்கியது. டிசம்பரில் ஹோண்டா விலகிக்கொள்ள, ப்ரான் ஜிபி என்ற பெயரில் அதே கார் இரண்டு பட்டங்களையும் வென்றது.

பின்வரிசைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. 2022 முதல் 2025 வரை நடந்த கணக்குப்படி, முதலிட அணிக்கு டனலில் அடிப்படை அளவின் 70 சதவீதம், பத்தாம் அணிக்கு 115 சதவீதம். எட்டு வாரக் காலத்துக்கு அடிப்படை 320 ஓட்டங்கள் என்பதால் அது 224-க்கும் 368-க்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கோரிலேஷன் உடைந்த அணிக்குக் கூடுதல் ஓட்டம் கொடுத்தால் தவறான திசையில் இன்னும் வேகமாகப் போகும். எனவே கைவிடும் ஆண்டிலும் கடைசிப் பந்தயம் வரை வெள்ளிக்கிழமை அளவீட்டை நிறுத்தாதீர்கள். புதுப் பாகம் செய்ய வேண்டாம். பழைய பாகத்தை வைத்தே டனலைச் சரிபாருங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒரு நல்ல முடிவை வைத்துச் சொல்லாதீர்கள். மழையும், விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி காரும் எந்த அணியையும் மேடையில் ஏற்றிவிடும். தொடர்ந்து மூன்று அப்கிரேடுகள், வெவ்வேறு வகை டிராக்குகளில், கணித்த அளவுக்குப் பக்கத்தில் லாபம் தர வேண்டும். மெக்லாரனுக்கு 2023 ஆஸ்திரியா, அதே ஆண்டு சிங்கப்பூர், 2024 மயாமி என்று வரிசையாகப் பலித்தன. மயாமியில் அணியின் டிரைவர் நாரிஸ் தன் முதல் வெற்றியையும் பெற்றார்.

மூன்றும் பலித்தால் அடுத்த காருக்கான இலக்கு எண்களை நிர்ணயிக்கும் கூட்டத்தைக் கூட்டலாம். இரண்டு பலித்து ஒன்று தவறினால், தவறிய பாகத்தை மட்டும் கழற்றி, அடுத்த வெள்ளிக்கிழமை பழையதோடு மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த முடிவு வரும்வரை இலக்கு எண்களில் கையெழுத்துப் போட வேண்டாம்.